பழைய கார்டுக்கு எத்தனை படம்?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கிரண் சைக்கிளில் வந்து இறங்கினான். பின்னால் துண்டில் சுற்றிய ஒரு மூட்டை இருந்தது. கைக்குழந்தையைத் தூக்குவது போல அதைத் தூக்கிக்கொண்டு ஜெயப்ரியாவின் வீட்டுக்குள் நுழைந்தான்.

"ஆன்ட்டி, கொண்டாந்துட்டேன்! இத மாட்டிப் பாருங்க, ராக்கெட்டு மாதிரி போவும்."

மூட்டைக்குள் இருந்தது ஒரு கிராபிக்ஸ் கார்டு. கம்ப்யூட்டரில் படங்களை உருவாக்கித் தரும் பாகம் அது. சென்னையில் படிக்கும் கிரணின் அண்ணன் புதிய கார்டு வாங்கியபோது பழையதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டான். கிரணும் ஜெயப்ரியாவும் ஆறாம் வகுப்பு. ஜெயப்ரியா கேட்டதால்தான் அவன் அதைக் கொண்டு வந்திருந்தான்.

ஜெயப்ரியாவின் அம்மா லீலா ஆரணி நெசவாளர்களுக்குப் பட்டுப்புடவை டிசைன் போட்டுக் கொடுப்பவர். இன்னும் நெய்யாத புடவையை, நெய்து கட்டியது போலவே கம்ப்யூட்டரில் அசையும் படமாகவும் செய்து காட்டுவார். அதில் முந்தானை காற்றில் ஆடும், ஜரிகை மின்னும். கடைக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, பிடித்தால் நெய்யச் சொல்வார்கள்.

அன்று திலகவதி அக்காவின் புடவை. பன்னிரண்டு வருடங்களாக மற்றவர்கள் போட்ட டிசைனை நெய்து வந்த அவர், முதல்முறையாகத் தானே ஒன்றை யோசித்திருந்தார். அரிசி ஆலைக் களத்தில் காயும் நெல்லைக் கொத்த வரும் சிட்டுக்குருவிகள், முந்தானை முழுக்க. டிசைன் முடிந்ததே நேற்று சாயங்காலம்தான். இன்று மூன்று மணிக்குப் பெங்களூரில் இருந்து சசிகலா என்ற கடைக்காரம்மா வீடியோ காலில் வருவார். அதன்பின் அவர் ஒரு மாதம் வெளிநாட்டுப் பயணம் போகிறார்.

அசையும் படம் பன்னிரண்டு நொடிதான். ஆனால் ஒரு நொடிக்கு இருபத்தைந்து படங்கள் வேண்டும். மொத்தம் முந்நூறு. லீலாவிடம் இருந்த புதிய கார்டு ஒரு படத்துக்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளும்.

"பத்தரைக்கு ஆரம்பிச்சா மூணரை ஆயிடும். அதான் ரெண்டாவது கார்டு கேட்டேன்," என்றாள் ஜெயப்ரியா.

லீலா சிபியுவின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, புதிய கார்டுக்குக் கீழே பழையதை மாட்டினார். மென்பொருளை இரண்டு தடவை திறந்து, ஒன்றைப் புதிய கார்டுக்கும் மற்றொன்றைப் பழைய கார்டுக்கும் ஒதுக்கினார்.

"ஒண்ணுலேர்ந்து நூத்தம்பது வரைக்கும் புதுசு. மீதி நூத்தம்பது பழசு. பாதி பாதி. ஒரு மணிக்கெல்லாம் முடிஞ்சிடும்."

கிரண் இடுப்பில் கைவைத்துச் சிரித்தான். வெளியே பூக்காரம்மாவிடம்கூட, "என் கார்டுதான் உள்ள ஓடிகினு இருக்குது," என்று சொல்லிவிட்டு வந்தான். அவர், "எந்த பஸ்ஸு?" என்று கேட்டார்.

பன்னிரண்டரை மணிக்கு லீலா திரையைப் பார்த்தார். புதிய கார்டு நூற்றிருபது படங்களை முடித்திருந்தது. பழையது நாற்பது.

"நாப்பதா?" லீலா கணக்குப் போட்டார். "இதே வேகத்துல போனா சாயங்காலம் ஆறு மணி ஆவும்!"

காலையிலிருந்து அங்கேயே காத்திருந்த திலகவதி அக்கா நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார். "இன்னா லீலாக்கா, அப்ப ஒரு கார்டே தேவலாமா?"

"அப்படித்தான் ஆயிடுச்சு. இத கழட்டிட்டு மீதி எல்லாத்தையும் புதுசுக்கே குடுத்துடறேன்." லீலா சிபியுவை மேசைக்கு அடியில் இருந்து இழுத்தார். "நிறுத்தி, கழட்டி, மறுபடி ஓட்டி முடிக்கறதுக்கே மூணு மணி ஆயிடும். அதுக்கப்புறம் படத்தையெல்லாம் கோக்கணும். பேஜாராப் போச்சே."

கிரண் துண்டை எடுத்து மடித்தான். பிறகு பிரித்தான். மறுபடியும் மடித்தான்.

"நான் எடுத்துகினு போயிடறேன் ஆன்ட்டி," என்றான் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஜெயப்ரியாவுக்கு அது பிடிக்கவில்லை. கேட்டு வாங்கியது அவள். அவன் கொண்டு வந்து கொடுத்தான். அவ்வளவுதான். அவள் பழைய கார்டு செய்திருந்த படம் ஒன்றைத் திறந்து பார்த்தாள். பக்கத்தில் புதிய கார்டின் படத்தை வைத்துப் பார்த்தாள். இரண்டிலும் குருவிகள் ஒரே மாதிரி இருந்தன. ஜரிகையும் ஒரே மாதிரி மின்னியது.

"அம்மா, நிறுத்தாத! இரு!"

லீலாவின் கை சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றது.

"பழசு தப்பா ஒண்ணும் செய்யல. மெதுவா செய்யுது. புதுசு மூணு செய்யறதுக்குள்ள இது ஒண்ணு செய்யுது. நாமதான் ரெண்டுக்கும் ஒரே அளவு வேலைய குடுத்துட்டோம்."

"அதான் கழட்டறேன்."

"கழட்டினா அந்த ஒண்ணும் போயிடுமே! இது உனக்கு, இது உனக்குன்னு முன்னாடியே பிரிக்காம, யாருக்கு வேலை முடியுதோ அவங்க அடுத்த படத்தை எடுத்துக்கட்டும். புதுசு நிறைய எடுக்கும். பழசு கொஞ்சம் எடுக்கும். ரெண்டும் சும்மா இருக்காது."

லீலா மகளைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். மென்பொருளின் ஒரு மூலையில் இருந்த இரண்டு சிறிய கட்டங்களுக்குக் கர்சரை நகர்த்தினார்.

"முடிஞ்ச படத்தைத் தாண்டிப் போறதுக்கு ஒரு டிக் இருக்குது. யாராவது ஆரம்பிச்ச படத்தை இன்னொருத்தர் தொடாம இருக்கறதுக்கு ஒரு டிக். நாலு வருசமா பாத்துகினு இருக்கேன், ஒரு நாளும் போட்டதில்ல."

இரண்டு பக்கமும் டிக் போட்டார். இரண்டு பக்கமும், "ஒன்றிலிருந்து முந்நூறு வரை" என்று கொடுத்தார். இரண்டும் முடிந்த படங்களைத் தாண்டி ஓடி, மீதியை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கின.

ஜெயப்ரியா நோட்டில் எழுதினாள்: மீதி 140. மூன்று நிமிடத்துக்கு நான்கு படம். ஒன்றே முக்கால் மணி நேரம்.

"ரெண்டரைக்குள்ள முடிஞ்சிடும்!"

திலகவதி அக்கா மறுபடி உட்கார்ந்தார். கிரண் மட்டும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு அருகிலேயே நின்றான்.

ஒரு மணிக்கு ஜெயப்ரியா எண்ணிப் பார்த்தாள். கணக்கு உதைத்தது. புதிய கார்டு ஒரு படத்துக்கு ஒன்றரை நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது. மேசைக்கு அடியில் இருந்து பெரிய மிக்ஸி ஓடுவது போலச் சத்தம் வந்தது.

"இது இன்னாடி புதுசா?" என்றார் லீலா.

ஜெயப்ரியா குனிந்து சிபியுவைத் தொட்டாள். சட்டென்று கையை எடுத்தாள். "சுடுது!"

"காலையில சுடலையே?"

கிரண் வாசலில் இருந்து எட்டிப் பார்த்தான். கொஞ்சம் தயங்கினான். "மூடியிருக்குது ஆன்ட்டி. காலையில தொறந்து இருந்துச்சு."

உண்மைதான். காலையில் லீலா பக்கவாட்டு மூடியைப் போட மறந்திருந்தார். பன்னிரண்டரைக்கு வெளியே இழுத்தபோது அதைப் பார்த்து ஒழுங்காக மூடி, சிபியுவைச் சுவரோடு ஒட்டித் தள்ளியிருந்தார்.

"ரெண்டு கார்டும் ஒட்டிகினு இருக்குதில்ல? கீழ இருக்கறது விடற சூட்ட மேல இருக்கறது இழுத்துக்கும். ரொம்ப சூடானா அதுவே வேகத்த கொறச்சிக்கும். எங்கண்ணன் மூடிய கழட்டி வச்சிகினுதான் கேம் ஆடுவான். ஃபேன் வேற வச்சிக்குவான்."

"வாசல்ல நின்னுகினு சொல்றியே, வந்து கழட்டு ஜல்தியா!" என்றார் லீலா.

கிரண் ஓடி வந்து மூடியைக் கழற்றினான். ஜெயப்ரியா சிபியுவைச் சுவரை விட்டு முன்னால் இழுத்தாள். திலகவதி அக்கா தனக்கு எதிரே சுழன்றுகொண்டிருந்த டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து கார்டுகளுக்கு எதிரே வைத்தார்.

"எனக்கு வேர்த்தா பரவால்ல. அதுக்கு வேர்க்கக் கூடாது," என்றார்.

ஐந்து நிமிடத்தில் சத்தம் அடங்கியது. புதிய கார்டு பழையபடி ஒரு நிமிடத்துக்கு வந்தது.

இரண்டரை மணிக்கு முந்நூறில் இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது முடிந்திருந்தன. கடைசிப் படம் பழைய கார்டின் கையில் இருந்தது. புதிய கார்டுக்கு இனி வேலை இல்லை. நான்கு பேரும் திரைக்கு முன் நின்றார்கள். குருவிகள் ஒவ்வொரு சதுரமாகத் தெளிந்து வந்தன.

மூன்றாவது நிமிடம் கடைசிச் சதுரமும் தெளிந்தது.

"ஆச்சு!" என்று கிரண் கத்தியதில் தெருநாய் ஒன்று குரைத்தது.

லீலா படங்களைக் கோர்த்து முடித்தபோது மணி இரண்டே முக்கால்.

சசிகலா சரியாக மூன்று மணிக்குத் திரையில் வந்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது முறை பார்த்தபின் ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாக் குருவியும் நெல்லைப் பாக்குது. ஓரத்துல ஒண்ணு மட்டும் ஏன் திரும்பிப் பாக்குது?"

லீலா பின்னால் திரும்பிப் பார்த்தார். திலகவதி அக்கா முன்னால் வந்தார்.

"அது ஆள் வருதான்னு பாத்துகினு இருக்குதுங்க. ஒண்ணாவது பாக்கணும் இல்லீங்களா?"

சசிகலா சிரித்துவிட்டார். எட்டுப் புடவை நெய்யச் சொன்னார். அந்தக் குருவி எட்டிலும் இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

கால் முடிந்ததும் திலகவதி அக்கா முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார். வேர்வைதான் என்றார்.

"கிரண், இந்தக் கார்டு இங்கயே இருக்கட்டுமா?" என்று கேட்டார் லீலா.

கிரண் யோசிப்பது போல நடித்தான். "இருக்கட்டும் ஆன்ட்டி. ஆனா சனிக்கிழம சனிக்கிழம நான் வந்து கேம் ஆடுவேன்."

"நானும்," என்றாள் ஜெயப்ரியா.

அதன்பிறகுதான் யாரும் மதியம் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. நான்கு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். சாம்பார் ஆறிப்போயிருந்தது. கிரண் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான்.