மஸ்துரா மறந்த காலை

"எங்க அப்பாவைக் கொல்லப் பாத்தீங்களா?"

மருந்துக்கடையின் கண்ணாடிக் கதவு படாரென்று திறந்தது. வெளியே மலேசியாவின் தைப்பிங் நகரத்து மழை... உள்ளே நனைந்த சட்டையோடு ஒருவன். கையிலிருந்த உறையை மேசையில் கொட்டினான். இளஞ்சிவப்பு மாத்திரைகள் உருண்டன.

மேசைக்குப் பின்னால் நின்ற மஸ்துரா உறையை எடுத்துப் பார்த்தாள். உறையில் இருந்தது அவள் கையெழுத்துதான். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை. மூன்று மில்லிகிராம் என்று எழுதிவிட்டு, ஐந்து மில்லிகிராம் மாத்திரையைப் போட்டுக் கொடுத்திருக்கிறாள்!

"சாப்பிட்டுட்டாரா?" என்றாள்.

"நல்லவேளை, இல்ல. எப்பவும் நீலமா இருக்குமே, இது ஏன் ரோஸா இருக்குன்னு கேட்டார்."

"எப்போ வாங்கினீங்க?"

அவன் திகைத்துப் போனான். "எப்போவா? இன்னிக்குக் காலைல! நீங்கதானே கொடுத்தீங்க? நான் வரிசையா ஆறு தும்மல் போட்டேன், நீங்க ஒவ்வொண்ணா எண்ணுனீங்க. பத்து நிமிஷம் சிரிச்சுப் பேசிட்டு, இப்ப யாரோ மாதிரி பாக்கறீங்க?"

முகக்கவசத்துக்கு மேலே அவள் கண்கள் அவன் முகத்தில் தேடின. ஈரம் சொட்டும் புருவம்... கோபத்திலும் குறும்பு போகாத கண்கள்... இப்படி ஒருவனைப் பார்த்தால் மறக்குமா?

மறந்திருந்தது. அந்தக் காலையே அவளுக்குள் இல்லை.

அவளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்து, தம்பியின் ஸ்டெம் செல்களை உடம்பில் ஏற்றிப் பத்து மாதம் ஆகிறது. ரத்தம் தேறிவிட்டது. சிகிச்சையில் தளர்ந்த நினைவுதான் தேறவில்லை... பேச்சுக்கு நடுவில் சொல் நழுவும். அடுப்பில் வைத்த பால் தீய்ந்த பிறகே ஞாபகம் வரும். "பலருக்கு மெல்ல மெல்லச் சரியாயிடும். சிலருக்குக் கொஞ்சம் தங்கிடும்" என்றார் டாக்டர். நான் பலரா, சிலரா? அதைக் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. வேலை போய்விடுமோ என்று கடையில் மூச்சுக்கூட விடவில்லை.

இன்று ஓர் உயிர் போயிருக்கும்!

அவன் முன்னாலேயே முதலாளியம்மா லிம்மிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "இனிமே மருந்து எடுத்துக் கொடுக்கற வேலை எனக்கு வேண்டாம், மேடம்... என் மூளையை நானே நம்பல."

"சரக்கு அடுக்கற வேலையைப் பாரு. டாக்டர் சொன்னதும் மத்ததைப் பேசலாம்" என்றாள் லிம், சரியான மாத்திரையைத் தானே எடுத்துக் கொடுத்தபடி.

வந்தவன் பெயர் ஷுக்ரி. கத்தியதை நினைத்துக் கூசிப்போய், தலைகுனிந்து வெளியேறினான்.

மறுநாள் சூடான பீசாங் கோரேங், அதாவது வாழைப்பழ பஜ்ஜிப் பொட்டலத்தோடு வந்து நின்றான்.

"என்னைத் தெரியுதா?"

"கத்தினவர்."

"அடடா! நல்லதா ஒண்ணும் ஞாபகம் இல்லையா?"

"நல்லதா ஏதாவது செஞ்சாத்தானே?"

அவன் சிரித்த சிரிப்பில் அவள் கன்னம் சூடானது... நல்லவேளை, முகக்கவசம் இருந்தது.

அதன்பின் ஏரிப் பூங்காவில், தண்ணீரைத் தொடக் குனிந்த மரங்களின் கீழே அடிக்கடி நடந்தார்கள். ஒருநாள் அவன் சொன்ன கதையை மறந்துவிடாமல் இருக்க அவள் தன் கைப்பேசியில் குறிக்கப் போனாள். அதே கதை ஏற்கெனவே இரண்டு முறை அங்கே இருந்தது! அவள்தான் மறுபடி மறுபடி கேட்டிருக்கிறாள். அவன் முகம் சுளிக்காமல் சொல்லியிருக்கிறான்.

அன்றைக்குத்தான் அவன் கேட்டான். "சனிக்கிழமை அப்பாவையும் அம்மாவையும் உங்க வீட்டுக்குப் பொண்ணு கேட்டு அனுப்பட்டுமா?"

அவள் நடையை நிறுத்தினாள்.

"வேண்டாம். கல்யாணம் ஆகி ஒருநாள் காலைல, நான் உங்களையே யாருன்னு கேட்டா என்ன பண்ணுவீங்க? பரிதாபப்பட்டு ஒருத்தர் கூட இருக்கறது எனக்குத் தேவையில்ல."

"பரிதாபமா? ஒரு மாசமா என்கிட்ட நீங்க பாத்தது அதுதானா?" அவன் முகம் சுருங்கியது. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். ஒன்பது நாள் பேச்சில்லை.

பத்தாம் நாள் மாலை. வேலை முடிந்து நடந்தவள் நாற்சந்தியில் நின்றாள். தினமும் போகும் வழிதான். வீட்டுக் கதவு கண்ணுக்குள் தெரிந்தது... எந்தத் தெரு என்று மட்டும் தெரியவில்லை. நான்கு பக்கமும் மழை, நான்கு பக்கமும் ஒரே மாதிரிக் கடைகள். ஒரு லாரி ஹாரன் அலறியது. ஒரு கடையின் ஓரமாக ஒதுங்கிக் கைப்பேசியில் ஒரு பெயரை அழுத்தி, கடைப் பலகையைப் படித்துச் சொன்னாள்.

எட்டே நிமிடத்தில் மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. தெப்பமாக நனைந்திருந்தான் ஷுக்ரி.

"வீட்டுக்கு ஃபோன் பண்ணலியா?" மூச்சிரைத்தது அவனுக்கு.

"மாக்-னு அம்மா பேரும் இருந்துச்சு... ஆனா விரல் உங்க பேர்ல நின்னுடுச்சு. பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பேர் யாருன்னுகூட சட்டுனு வரல. ஆனா, கூப்பிட்டா வருவார்னு மட்டும் தோணுச்சு."

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். கண்ணில் வழிந்தது மழையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு, ஷுக்ரி... நாளைக்கு எது மிஞ்சும், எது போகும்னு தெரியல. அதனால மறக்கறதுக்குள்ள சொல்லிடறேன். உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

"எனக்கும் பயம்தான். மறந்துட்டா இன்னொரு தடவை சொல்லுங்க... எனக்கென்ன நஷ்டம்?"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பயம் போய்விடவில்லை. அதோடுதான் சொன்னாள்.

"வர்ற சனிக்கிழமை அப்பாவையும் அம்மாவையும் வரச் சொல்லுங்க."