ஏழாம் கட்டிலுக்கு அப்புறம்

ஏழாம் கட்டில் பெரியவர் அன்று அவளைத் திட்டவில்லை. மாத்திரையை நீட்டினாலே "விஷத்தைக் கொண்டா, ஒரேயடியாப் போய்ச் சேர்றேன்" என்று வார்டே அதிரக் கத்துகிறவர், மதியம் இரண்டு மணிக்கு வாயைத் திறந்து வாங்கிக்கொண்டு, "சரிம்மா" என்றார். மழைக்கு முந்தைய இருட்டு சன்னல்களில் அப்பியிருந்தது. மருந்து வாடைக்கு அடியில் ஈரத்துணியின் முடைநாற்றம். பார்க்க வந்தவர்களெல்லாம் போய்விட்ட பிறகு, பன்னிரண்டு கட்டில்களுக்கு மேல் மின்விசிறிகள் மட்டும் கரகரத்துக்கொண்டிருந்தன. நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல், எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனாலும் அந்த இளம் நர்சுக்கு வயிற்றைப் பிசைந்தது.

சீனியர் நர்ஸ் அக்காவிடம் ஓடினாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலிருந்து அவள் பேச்சை நம்புகிற ஒரே ஆள் அவர்தான்.

"அக்கா, ஏழாம் கட்டில்... என்னன்னு சொல்லத் தெரியல. ஏதோ சரியில்லக்கா."

"உனக்குத் தோணுதுல்ல? அது போதும். டாக்டர் கத்தினா நான் வாங்கிக்கறேன்."

டாக்டர் கத்தத்தான் செய்தார். "தோணுதுன்னு சார்ட்ல எழுத முடியுமா?"

அக்கா அசையவில்லை. "ஒரு தடவை வயித்தைத் தொட்டுப் பாருங்க டாக்டர்."

தொட்டதும் டாக்டரின் முகம் மாறியது. உள்ளே ரத்தக்கசிவு. பத்தே நிமிடத்தில் பெரியவரை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நாலு மணிக்கு, பிழைத்துக்கொள்வார் என்று போன் வந்தது.

"ஸ்கேன் மெஷினை விட உன் வயிறு நல்லா வேலை செய்யுதுடி," என்று சிரித்துவிட்டு அக்கா கை கழுவப் போனார்.

அவளால் சிரிக்க முடியவில்லை. அந்தப் பிசைவு அடங்கவேயில்லை. வயிற்றிலிருந்து பிடரிக்கு ஏறியிருந்தது. இன்னும் யார்? ஒன்றாம் கட்டிலில் தொடங்கி ஒவ்வொருவராக நாடி பிடித்துப் பார்த்தாள். பதினோரு பேரும் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கடைசிக் கட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

மின்விசிறிகள் சுழன்றன. சத்தம் இல்லை.

எல்லாரும் விழித்திருந்தார்கள். இருபது நாளாக நினைவில்லாமல் கிடந்த மூன்றாம் கட்டில் பெண்ணும்கூட. பதினோரு முகங்களும் வாசல் பக்கம்.

வாசலில் அக்கா.

"என்னடி, யாருக்கு என்ன? முகம் ஏன் இப்படி வெளிறிக் கிடக்கு?"

அக்கா நடந்து வந்தார். தலைகள் கூடவே திரும்பின. மெதுவாக. ஒன்றாக. அந்தக் கண்கள் அக்காவைப் பார்க்கவில்லை. அவருக்கு ஓரடி பின்னால், ஆளில்லாத இடத்தைப் பார்த்தன.

"சொல்லு. எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லு."

அவள் கட்டிலோடு ஒட்டிப் பின்வாங்கினாள்.

அக்கா நின்றார்.

தலைகள் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் திரும்பின. பதினோரு பார்வைகளும் அக்காவின் மேல் வந்து நின்றன.