கேள்வித்தாளை ரிப்பேர் செய்தவள்

என் சிநேகிதிக்கு அறிவியலில் பாதி மதிப்பெண்கூட வரவில்லை என்று டீச்சர் சொன்னபோது எனக்குக் காதே அடைத்துப்போனது. அவளுக்கா? வகுப்பறை மின்விசிறி நின்றால், எல்லோரும் விசிறிக்கொள்ள அட்டை தேடும்போது ஏணி தேடுகிறவள் அவள்!

வகுப்பில் அவள் பெயர் திருப்புளி. அவளுடைய அம்மா ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடையிலேயே வளர்ந்தவள். அவள் பெட்டியில் பென்சில் இருக்கிறதோ இல்லையோ, ஒரு சின்னத் திருப்புளி கட்டாயம் இருக்கும். என் பெயர் அவசரக்குடுக்கை. அதற்கு விளக்கம் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை எங்கள் வகுப்பு தண்ணீர் ராக்கெட் விடப்போகிறது. பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர், சைக்கிள் பம்பால் நிறைய காற்று, அப்புறம் ஒரே பாய்ச்சல். இறக்கை வெட்டியது, மூடி பொருத்தியது எல்லாமே திருப்புளிதான். ஆனால் அறிவியலில் பாதி மதிப்பெண் வாங்காதவர்கள் மைதானத்துக்கு வரக் கூடாது. வகுப்பில் உட்கார்ந்து படிக்க வேண்டும். என்ன அநியாயம் பாருங்கள்!

"நாளைக்கு மறுதேர்வு வைக்கிறேன். அதுல பாதி எடுத்துட்டா நீயும் வரலாம்" என்றார் டீச்சர்.

மாலையில் இருவரும் கடைக்குப் போனோம். கழற்றிப்போட்ட மோட்டார்களை ஒதுக்கிவிட்டு மேசைமேல் விடைத்தாளையும் கேள்வித்தாளையும் விரித்தேன். முதல் கேள்வியிலேயே என் வாய் பிளந்துவிட்டது.

பேட்டரி, விளக்கு, நடுவில் அறுந்த கம்பி. 'படத்தில் உள்ள விளக்கு எரியாததற்குக் காரணம் தருக' என்று கேட்டிருந்தார்கள். திருப்புளி அறுந்த கம்பியைப் பென்சிலால் இணைத்து, விளக்கைச் சுற்றி ஒளிக்கதிர்களும் வரைந்திருந்தாள். விடைத்தாளில் ஒரே ஒரு வரி: 'இப்போது எரியும்.'

"என்னடி இது?"

"அறுந்து கிடந்துச்சு. அப்படியே விட மனசு வரல."

அடுத்த கேள்வி, தொட்டியில் வாடிய செடி. ஏன் வாடியது என்று கேட்டால், காலையிலும் மாலையிலும் தண்ணீர் ஊற்றச் சொல்லி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். கடைசிப் பகுதியில் 'ஏதேனும் மூன்று வினாக்களுக்கு மட்டும் விடையளி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இவள் ஐந்தையும் தொட்டு, நேரம் போதாமல் ஐந்தையும் அரைகுறையாக விட்டிருந்தாள்.

"வந்த வேலையைத் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு அம்மா சொல்வாங்க" என்றாள் பரிதாபமாக.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் கண் கலங்குவதைப் பார்த்ததும் சிரிப்பு எங்கேயோ ஓடிவிட்டது. ராக்கெட் மேலே போகும்போது இவள் மட்டும் உள்ளே இருப்பதா?

அந்த நேரம் ஒருவர் மேசை விசிறியோடு வந்தார்.

"பாப்பா, ஒரே சத்தம் போடுது. ஏன்னு மட்டும் பார்த்துச் சொல்லு. ரிப்பேர் வேணாம், புதுசு வாங்கலாமான்னு யோசிக்கிறேன்."

திருப்புளி இறக்கையைச் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டாள். "தண்டு சுத்துற இடத்துல இருக்குற புஷ் வளையம் தேஞ்சு போச்சு. தண்டு ஆடுது, அதான் சத்தம்" என்றாள். அவ்வளவுதான். திருப்புளியைக் கையில்கூட எடுக்கவில்லை. அவர் தலையாட்டிவிட்டு விசிறியோடு போய்விட்டார்.

நான் துள்ளி எழுந்ததில் ஒரு டப்பா திருகாணி கொட்டியது.

"ஏன்டி, அதை நீ ஏன் சரிபண்ணல?"

"அவர் கேக்கலையே. கேக்காம கையை வெச்சா அம்மா திட்டுவாங்க."

"டீச்சரும் கேக்கலடி! காரணம்தானே கேட்டாங்க? ஒவ்வொரு கேள்வியும் கடைக்கு வர்ற ஆள் மாதிரி. என்ன வேணும்னு முதல்ல கேளு, அப்புறம் பேனாவை எடு!"

திருப்புளி என்னையே பார்த்தாள். பிறகு முகம் மெல்ல மலர்ந்தது. "அப்போ நீ கடைக்கு வா பார்ப்போம்" என்றாள்.

நான் தெருவில் இறங்கி, மிடுக்காக மறுபடி உள்ளே வந்தேன். "ஏம்மா, இரும்பையும் மரத்தையும் வேறுபடுத்து."

"இரும்பு மின்சாரத்தைக் கடத்தும், மரம் கடத்தாது. எது வாங்கலாம்னா..."

"அதை நான் கேட்டேனா?"

"கேக்கல, கேக்கல" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைக்குள் வேலை பார்த்துக்கொண்டிருந்த அத்தைக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. திருப்புளியின் அம்மாவைத்தான் அத்தை என்பேன். அவர் பழைய ரேடியோ, இஸ்திரிப்பெட்டி, டார்ச், மிக்ஸி, கெட்டில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, "இதுல எதையாவது மூணு மட்டும் எடு" என்றார். மீதி இரண்டையும் விட்டுவிட்டு வருவதற்குள் அவள் பட்ட பாடு இருக்கிறதே, அதைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை.

மறுநாள் மறுதேர்வு. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். உள்ளே திருப்புளி ஒவ்வொரு கேள்வியையும் உதடு அசைய இரண்டு முறை படித்தாள். ஓரிடத்தில் பென்சில் கேள்வித்தாளின் படத்தை நோக்கிப் போனது. படத்துக்கு மிக அருகில் போன கை நின்றது. பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

அப்பாடா!

கடைசிக் கேள்வியைப் படித்ததும் அவளுக்கு முகமெல்லாம் பல். வெளியே வந்தவளைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏன்டி சிரிச்ச?"

"மின்சுற்றுல விளக்கு எரிய நீ என்ன செய்வாய்னு கேட்டிருந்தாங்கடி. சரிபண்ணச் சொல்லியே கேட்டுட்டாங்க! படத்தோட வரைஞ்சு தள்ளிட்டேன்."

பாதி என்ன பாதி? முக்காலுக்கு மேலேயே வாங்கினாள். டீச்சர் விடைத்தாளைக் கொடுத்துவிட்டு, "போய் உன் ராக்கெட்டை எடுத்துட்டு வா" என்றார்.

வெள்ளிக்கிழமை மைதானம் முழுக்கக் கூட்டம். நான் பம்பை அடித்தேன். கை கழன்றுவிடும்போல வலித்தும் நிறுத்தவில்லை. ராக்கெட்டை விடுவிக்கும் கயிறு திருப்புளியின் கையில். "விடு" என்று டீச்சர் சொன்னதுதான் தாமதம், புஸ்ஸென்று நீரைப் பீய்ச்சிக்கொண்டு ராக்கெட் மாடியைத் தாண்டி, மரத்தைத் தாண்டி, வெயிலுக்குள் போய்விட்டது. கீழே நின்ற எல்லோரும் தொப்பலாக நனைந்தோம்.

டீச்சர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "இன்னொரு தடவை விடு, நான் சரியாப் பார்க்கல" என்றார்.