நிற்கச் சொல்ல மறந்தவர்

சமையலறைக் கதவை மூடித்தான் வரைந்திருந்தார். வரைந்த கைக்கு மறந்துபோகுமா என்ன? ஆனால் கம்ப்யூட்டர் திரையில் அந்தக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது.

கண்ணாடிக் கடைக்காரர் தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அன்று கடைக்கு விடுமுறை. வெளியே மழை பிடித்த மாலை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, விடுமுறை நாள் அவருக்கு நகர்வதே இல்லை. திரையில் இருந்தது இருவரும் சேர்ந்து விளையாடிய கேம். கூடவே எடிட்டர் ஒன்றும் வரும். அதில் நாமே இடம் வரைந்து, ஆட்களை வைத்து, ஆடுவதற்குச் சொந்தமாக ஒரு கதையைக் கட்டிக்கொள்ளலாம். கேம்பெயின் என்பார்கள். "நமக்குன்னு ஒண்ணு பண்ணுங்களேன்" என்று அவள் நச்சரித்தபோதெல்லாம் நேரமில்லை என்றார். இப்போது நேரமோ நேரம், கொட்டிக் கிடந்தது.

முதல் முயற்சிக்குத் தன் வீட்டையே வரைந்தார். முன்னறையில் தனக்கென ஒரு பொம்மையையும் சமையலறையில் அவளையும் நிறுத்தினார். முகம் மட்டும் வரவில்லை. எவ்வளவு திருத்தினாலும் எவளோ ஒருத்தி வந்து நின்றாள். வெறுத்துப்போய், கண்ணும் மூக்கும் இல்லாத மொழுக்கையாகவே விட்டுவிட்டார். அறையில் விளக்கு எரிந்தால் அவரிடம் வரவேண்டும் என்று ஒரே ஒரு கட்டளை கொடுத்தார். வேறென்ன வேண்டும் அவருக்கு? யாராவது வந்தால் போதும்.

கதவு கிடக்கட்டும் என்று ஆட்டத்தை ஓட்டிப் பார்த்தார். திரையில் விளக்கைப் போட்டதும் வந்தாள். வந்தவள் நிற்கவில்லை. அவருடைய பொம்மையைச் சுவரோடு தள்ளி, அதன்மேல் முட்டியபடி நடந்துகொண்டே இருந்தாள்.

தம்பிக்கு போன் போட்டார். இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவன்.

"டேய், வந்தவ நிக்க மாட்டேங்கிறாடா."

தம்பி சிரித்தான். "எங்க நிக்கணும்னு சொன்னீங்களா அண்ணா? வான்னு மட்டும் சொன்னா வந்துக்கிட்டேதான் இருக்கும். புதுசா செய்யறவங்க எல்லாரும் பண்ற தப்புதான். அழிச்சிட்டு வேற ஆளை வைங்க."

"அழிக்கவா?"

"பொம்மைதானே அண்ணா."

போனை வைத்தார். அழிக்க மனம் வரவில்லை. ஒருமுறை பறிகொடுத்தது போதாதா? கம்ப்யூட்டரை மட்டும் அணைத்தார்.

அறை இருண்டிருந்தது. எழுந்துபோய் விளக்கைப் போட்டார்.

மழை ஓட்டில் விழும் சத்தத்துக்கும், தெருவில் ஏதோ வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போன சத்தத்துக்கும் அடியில், வீட்டுக்குள்ளிருந்து, எண்ணெய் காணாத கீல் ஒன்று மெல்ல, மிக மெல்ல முனகுவது அவருக்குக் கேட்டது. சமையலறைக் கதவு. பிறகு நடையில் காலடிகள். அவசரமில்லை, தயக்கமும் இல்லை, ஒவ்வொன்றும் ஒரே அளவு.

ஒரு நொடி, ஒரே நொடி, அவர் மனம் குளிர்ந்தது. வந்துவிட்டாள்!

அப்புறம்தான் உறைத்தது. அவள் வந்தால் சோப்பு வாசனை முந்திக்கொண்டு வரும். இப்போது எந்த வாசனையும் இல்லை.

விளக்கை அணைத்தார். காலடி நிற்கவில்லை. போட்டால் வா என்றவர், அணைத்தால் போ என்று சொல்லவில்லையே.

தெருவிளக்கின் மங்கல் வெளிச்சத்தில், அறை வாசலில் ஓர் உருவம். அவள் உயரம். அவள் தோள்.

"நில்லும்மா," என்றார். "போதும்... நில்லு."

நாற்காலி சரிந்தது. மேசை நகர்ந்தது. முதுகில் சுவர். கையால் தள்ளினார். கல்லைத் தள்ளுவதுபோல் இருந்தது. குளிர்ந்த, மொழுக்கையான அந்த முகம் அவர் முகத்தின்மேல் வந்து பொருந்தியது. மூக்கை மூடியது. வாயை மூடியது.

கீழே, அந்தக் கால்கள் இன்னும் நடந்துகொண்டிருந்தன.