திரும்பும் வழியை அளக்கவில்லை

காலையில் வேலைக்குப் போகும்போது அந்தச் சாலையில் ஒரே ஒரு பெட்ரோல் பங்க்தான் இருந்தது. மாலையில் திரும்பி வரும்போது இரண்டு இருந்தன.

முதல் நாள் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எட்டு மணி நேரம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்துவிட்டு வருகிறவளுக்கு எது வேண்டுமானாலும் இரண்டாகத் தெரியும். பச்சைக் கூரை, ஓர் எழுத்து மட்டும் அணைந்துபோன பெயர்ப்பலகை, தொப்பி போட்ட ஊழியர் ஒருவர் வாளித் தண்ணீரைச் சிமெண்ட் தரையில் கொட்டுகிறார், ஈர சிமெண்டும் பெட்ரோலும் கலந்த வாசனை கார் ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது. பத்து நிமிடம் கழித்து மறுபடியும் பச்சைக் கூரை, அணைந்த அதே எழுத்து, அதே தொப்பி. வாளியிலிருந்து தண்ணீர் அப்போதுதான் விழுந்துகொண்டிருந்தது. ஆறு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டியவள் ஆறு நாற்பதுக்கு வந்து சேர்ந்தாள்.

பயத்தைவிட எரிச்சல்தான் முதலில் வந்தது. இந்த ஊரைக் கண்டுபிடிப்பதற்குள் நாய் படாத பாடு பட்டிருந்தார்கள். அவளுடைய பரிசோதனைக் கூடம் நகரத்தின் தெற்கு முனையில், கணவன் வேலை பார்க்கும் சரக்குக் கிடங்கு வடக்கு முனையில். பழைய வீட்டிலிருந்து அவளுக்குப் போக வர நான்கு மணி நேரம். அவள் வரும்போது ஆறு வயது மகள் தூங்கியிருப்பாள். வாண்டு என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுவார்கள். பள்ளியில் குடும்பத்தைப் பற்றிப் பேசச் சொன்னபோது அந்த வாண்டு எழுந்து நின்று, "எங்கம்மா ஞாயித்துக்கிழமை வருவாங்க" என்று சொல்லியிருந்தது. டீச்சர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவள் வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மகள் விழித்திருக்கும்போது வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஊர் தேடும் பொறுப்பைக் கணவன் எடுத்துக்கொண்டான். கிடங்கிலிருந்து எந்த லாரி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அட்டவணை போடுவது அவன் வேலை. பதினோரு ஊர்களுக்கு ஓர் அட்டவணை போட்டான். ஒரு ஊரில் பள்ளி சரியில்லை. ஒரு ஊரில் தண்ணீர் இல்லை. ஒரு ஊரில் ரயில்வே கேட்டை மூடினால் திறப்பதற்குள் தாடி முளைத்துவிடும். எதைக் காட்டினாலும் அவள் முகத்தைச் சுளித்தாள், எதற்குச் சுளித்தாலும் அவன் பேனாவைத் தூக்கி எறிந்தான், ஆறு மாதம் இப்படியே போனது. கடைசியில்தான் இந்த ஊர் சிக்கியது. காலை எட்டு மணி நெரிசலில் அவனே காரை ஓட்டிப் பார்த்தான். பரிசோதனைக் கூடத்துக்கு இருபத்தெட்டு நிமிடம். அவன் கிடங்குக்கோ நேரடி ரயில். வீட்டுத் தரகர் சாவியைக் கையில் கொடுக்கும்போது, "இந்த ஊர்லேர்ந்து கிளம்பறது ரொம்ப சுலபம் சார்" என்றார்.

இரண்டாவது வாரம் மாலையில் மூன்று பங்க்குகள் வந்தன. மூன்றாவது வாரம் ஐந்து. வீட்டுக்கு வர எட்டேகால் ஆனது. வாண்டு சோபாவிலேயே சுருண்டு தூங்கியிருந்தாள்.

"சாயங்காலம் என்னைக்காவது ஓட்டிப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"போற வழிதானே வர்ற வழியும்?"

"பாத்தீங்களா, இல்லையா?"

"பாக்கலை. லாரி கிளம்பற வரைக்கும்தான் நம்ம வேலை. திரும்பி வர்றதை வேற செக்‌ஷன் பாத்துக்கும்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அவளுக்குத் தட்டைத் தூக்கி அடிக்கலாம் போலிருந்தது.

பங்க்குகளைப் பற்றிச் சொன்னபோது வேலைப்பளு என்றான். போனில் வழி பார்த்தால் அது இருபத்தெட்டு நிமிடம் என்றே காட்டியது. வேறு வழி இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. அந்த ஊருக்குத் தெற்கிலிருந்து ஒரே சாலைதான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, தைக்கக் கொடுத்த பள்ளிச் சீருடையை வாங்க எதிர்வீட்டுத் தையல்கார அக்காவிடம் போனாள். வந்து இரண்டு மாதமாகியும் அக்காவின் வீட்டுக்காரரை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மேஜையில் ஒரு தட்டு மூடி வைக்கப்பட்டிருந்தது.

"உங்க வீட்டுக்காரருக்கும் தெற்குலதான் வேலையாக்கா?"

"ஆமாம்மா. வந்துட்டே இருக்காரு. இப்பத்தான் போன் பண்ணினாரு, பங்க்கைத் தாண்டிட்டாராம்."

"எப்பக்கா கிளம்பினாரு?"

அக்கா துணியில் ஊசியைக் குத்தி நிறுத்திவிட்டு யோசித்தாள். பிறகு உள்ளறையைப் பார்த்தாள். அங்கே கல்லூரி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"இவ அப்பத் தவழ்ந்துட்டு இருந்தா" என்றாள் அக்கா, சாதாரணமாக.

அன்று வேலைக்குப் போயிருக்கக் கூடாது. ஆனால் இரண்டு பேர் விடுப்பு, மேலதிகாரி ஏற்கனவே சிடுசிடுத்துக்கொண்டிருந்தார், காலைச் சாலையும் வழக்கம்போல அவளை இருபத்தெட்டே நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. நாள் முழுக்க ஒரே ரத்த மாதிரியைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு இங்கேயே படுத்துவிடலாம், நாளைக்குக் கணவனைச் சாமான்களோடு கிளம்பி வரச் சொல்லலாம் என்று முடிவு செய்தபோது போன் அடித்தது.

"அம்மா, என் பல்லு ஆடுது. ரத்தம் வருது." வாண்டு தேம்பிக்கொண்டிருந்தாள். "அப்பா தொடவே கூடாது. நீ வந்தாத்தான்."

"இதோ வந்துடறேன்டா கண்ணு."

ஐந்தரைக்குக் கிளம்பினாள். மூன்று வரிசையாக வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன, அவள் நடு வரிசையில் மாட்டிக்கொண்டாள், ஆயிரம் எஞ்சின்கள் ஒரே சுரத்தில் முனகுவது இருக்கை வழியாக முதுகெலும்பில் ஏறியது, முன்னால் போகும் பேருந்தின் சிவப்பு விளக்கு அவள் கைகள் மேலே சாயம் போலப் படிந்திருந்தது. முதல் பங்க். இரண்டாவது. நான்காவது. வாளித் தண்ணீர் ஒவ்வொரு இடத்திலும் அப்போதுதான் தரையைத் தொட்டது. பக்கத்து வரிசைக் காரை எட்டிப் பார்த்தாள். ஒருவர் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போனில் பொத்தான்கள் இருந்தன. அப்படிப்பட்ட போனை அவள் பார்த்தே பல வருடம் ஆகியிருந்தது.

ஆறாவது பங்க்கில் வீட்டுக்கு அழைத்தாள்.

"பல்லு வலிக்குதாடா?"

"எந்தப் பல்லு?" வாண்டின் குரல்தான். ஆனால் தேம்பல் இல்லை, மழலையும் இல்லை. "அதுவாம்மா? அது எப்பவோ விழுந்து முளைச்சிருச்சே."

போனைக் கணவன் வாங்கினான். அவன் மூச்சு வாங்கியது. "எங்கதான் இருக்கே நீ? போலீஸ்ல எழுதிக் கொடுத்து, தேடாத இடமில்லை... சரி. சரி. நாங்க ரோட்டுக்கு வந்து நிக்கறோம். எங்களைப் பாத்ததும் வண்டியை நிறுத்திடு. என்ன ஆனாலும் நிறுத்திடு."

கடிகாரம் ஆறு பத்து காட்டியது.

எட்டாவது பங்க் தாண்டியதும் பார்த்தாள். சாலை ஓரத்தில் கணவன். பக்கத்தில் அவன் தோளுயரத்துக்கு ஒரு சிறுமி, இரட்டைப் பின்னல், கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு பேருந்து. ஹார்னை அழுத்தினாள். ஜன்னலை இறக்கிக் கத்தினாள். பேருந்து நகர்ந்தபோது அவர்கள் பின்னால் போயிருந்தார்கள்.

இறங்கி ஓடிவிடலாம் என்று கதவைத் தள்ளினாள். பக்கத்து வண்டியில் இடித்து நின்றது. பிரேக்கை மிதித்தாள். பெடல் தரையைத் தொட்டது. கார் வரிசையின் வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தது.

பத்தாவது பங்க். ஓரத்தில் நரைத்த ஓர் ஆள், கைத்தடியோடு. அவரைத் தாங்கிப் பிடித்தபடி ஓர் இளம்பெண். அவள் கையில் அட்டை. அட்டையில் இந்தக் காரின் எண்.

"வாண்டு! இங்க பாரு! வாண்டு!"

பெண் வேறு திசையில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓரத்து வரிசைக்குப் போக வேண்டும். ஒரு விரற்கடை இடைவெளி கிடைத்தது. காரைத் திருப்பினாள். இரும்பு இரும்பில் உரசியது. இன்னும் கொஞ்சம். நுழைந்துவிட்டாள். கண்ணீரில் சாலை தெரியவில்லை. துடைத்துக்கொண்டாள். கடிகாரம் ஆறு பதினைந்து.

பதினோராவது பங்க். கைத்தடி ஆளைக் காணோம்.

ஒரே ஒரு பெண்மணி. தலை முழுக்க வெள்ளை. கண்ணாடி. குனிந்து, ஊரும் கார்களின் ஜன்னல்களில் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். முன்னால் போன காரில் பார்த்தாள். தலையை ஆட்டினாள். அடுத்து இங்கே.

ஜன்னல் திறந்திருந்தது. ஒரு சாண் தூரத்தில் அந்த முகம். அவளுடைய மூக்கு. கணவனின் புருவம்.

"வாண்டு" என்றாள் அவள். "நான்தான்டா. வந்துட்டேன்டா கண்ணு."

அந்தப் பெண்மணி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவளை உற்றுப் பார்த்தாள். அன்பாகத்தான் பார்த்தாள்.

"நீ இல்லைம்மா" என்றாள். "நான் தேடறவங்களுக்கு இப்ப ரொம்ப வயசாகியிருக்கும்."

கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். விரல்கள் சேலை நுனியைத் தொட்டன. கார் நகர்ந்தது. துணி நழுவியது.

பக்கவாட்டுக் கண்ணாடியில் வெள்ளைத் தலை பின்னால் போய்க்கொண்டிருந்தது. அடுத்த காருக்குக் குனிந்தது. அதற்கடுத்த காருக்கு. அதன் பின்னால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை, விளக்கு எரியும் கார்கள்.