பெருக்காத வாசல்

வெள்ளாங்காட்டூரில் பெருக்கிய வாசலுக்கு மரியாதை கிடையாது. அரளி வேலியடியில் கணுக்கால் மூழ்கச் சருகு கிடந்தால்தான் நல்ல குடும்பம். சென்னையில் பளிங்கு போன்ற வாசலுக்கு மகள் வஞ்சியைக் கொடுக்கிறோமே என்று திலகமணிக்கு உள்ளூர உறுத்தல்தான்.

நிச்சயதார்த்தத்தன்று காலை, சருகின்மேல் தண்ணீர் தெளிக்கச் சொம்போடு வந்தவள் திகைத்து நின்றாள். வாசல் பளிச்சென்று இருந்தது. நடுவில் பெரிய கோலம். பக்கத்தில் விளக்குமாறோடு, முந்தின நாளே வந்து தங்கியிருந்த மாப்பிள்ளையின் அம்மா கோமளா, பாராட்டை எதிர்பார்த்துச் சிரித்தாள்.

"நல்ல நாளும் அதுவுமா வாசல் இப்படியா கிடக்கறது? அதான் நானே பெருக்கிட்டேன்."

"சருகெல்லாம் எங்கீங்க சம்பந்தி?"

"அந்த உரப்பொறியில போட்டாச்சு."

உரப்பொறி சூரிய சக்தியில் ஓடுவது; வெயில் ஏறினால் தானாகவே சருகை உரமாக அரைக்கத் தொடங்கிவிடும். திலகமணி சொம்பைப் போட்டுவிட்டு ஓடினாள். மூடியைத் திறந்து சருகை வாரி வாரி வெளியே கொட்டினாள்.

"ஐயோ, எதைத் தொலைச்சீங்க? நகையா?"

"எங்க பப்பாளித் தோட்டத்தைங்க!"

தேனீக்கள் அழிந்துபோனபின் மற்ற பூக்களுக்கெல்லாம் மகரந்த டிரோன்கள் வந்துவிட்டன. அந்தியில் மணக்கும் பப்பாளிப் பூ மட்டும் மசியவில்லை. டிரோன் தொட்டால் உதிர்ந்தது. அதற்குப் பருந்து விட்டில்தான் வர வேண்டும். பறவைபோல அந்தரத்தில் நின்று, நீளக் குழலால் தேன் குடிக்கும் பச்சை அந்துப்பூச்சி அது. அதன் புழு அரளியின் விஷ இலையைத் தின்று கொழுத்து, சருகுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். அதற்காகவே ஊர் அந்தியில் விளக்கணைத்தது, விளக்குமாற்றையும் மறந்தது. வேலை செய்தபடியே இதையெல்லாம் மூச்சுவாங்கச் சொல்லி முடித்தாள்.

"புழுவா?" கோமளா இரண்டடி பின்வாங்கினாள். பிறகு என்ன நினைத்தாளோ, பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சருகுக்குள் கைவிட்டாள். பழுப்பாக ஒன்று அவள் உள்ளங்கையில் நெளிந்தது. வீலென்று கத்தினாள், கையை மட்டும் உதறவில்லை. அப்போதே திலகமணிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

சில நசுங்கியிருந்தன. அதைப் பார்க்க இருவருக்குமே தாளவில்லை. மற்றவற்றை அரளியடியில் வைத்துச் சருகால் மூடினார்கள். கோலத்தில் பாதி மறைந்தது. விருந்தாளிகள் ஓரமாக வளைந்து வந்தார்கள்.

கல்யாணமும் முடிந்து, அந்தப் பருவத்தின் முதல் பழங்கள் சென்னைக்குப் போனபோது கோமளா போனில் அழைத்தாள்.

"பழம் தேனா இருக்கு சம்பந்தி. இங்க நம்ம வாசல்ல வெச்ச அரளியிலயும் புழு வந்துடுச்சு. பெருக்கறதையே விட்டுட்டேன். தெருவே சிரிக்குது."

"உங்களுக்குச் சங்கடமா இல்லீங்களா?"

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். ஆனா உங்க பொண்ணு இன்னும் என்னை நம்பல. விளக்குமாறை எங்கேயோ ஒளிச்சு வெச்சிருக்கா!"