பெட்டியில் இல்லாத நீலம்

பத்தொன்பது நாய்களுக்கும் இடது காது வெள்ளையாக இருந்தது.

செல்வநாயகம் தாள்களை வாங்குப் பலகையின் மேல் பரப்பி, கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். உடம்புக்குத் தேயிலைச் சாயம், மூக்குக்குக் கரி, நாக்குக்குச் செங்கல். அதெல்லாம் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபட்டது. இடது காதை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

"மாஸ்டர், உங்கடை நாயின்ரை ஒரு காதுக்கு மட்டும் நிறத் தட்டுப்பாடோ?" என்றாள் பாலர் பள்ளியை நடத்துகிற அருமைநாயகி ரீச்சர்.

"ஒண்டைப் பார்த்து ஒண்டு கொப்பி அடிக்குதுகள், ரீச்சர். இப்பவே பெரிய சோதினைக்கு ஆயத்தம்."

மாஸ்டர் என்று ஊர் கூப்பிட்டாலும் அவர் மாஸ்டர் இல்லை. வடக்குக் கடற்கரையில், மயிலிட்டியில், கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். ஆனி மாதம் ஷெல்லடியில் இடம்பெயர்ந்து உரும்பிராய்க்கு வந்து, சும்மா இருக்கப் பயந்து, வியாழக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு நிறம் தீட்டப் படம் கீறிக் கொடுத்தார். அவருடைய முதல் நாயைப் பிள்ளைகள் ஆடு என்றார்கள். வாலை நிமிர்த்திய பிறகு கழுதை என்றார்கள். மூன்றாவது ஸ்டென்சிலில்தான், சிரித்த வாயும் தொங்கும் நாக்குமாக, நாய் நாயானது. கம்பியெல்லாம் அறுந்து கிடந்த ஊரில் ரெலிபோனுக்கு விண்ணப்பிக்கும் படிவங்கள் மட்டும் கட்டுக்கட்டாக மிஞ்சியிருந்தன. அவற்றின் முதுகில், கைபிடி சுற்றிப் படி எடுக்கும் ரோனியோ மெசின் அந்த நாயை அடித்துத் தள்ளியது. நிறப்பெட்டி ஒரு பழைய பிஸ்கற் தகரம். மஞ்சள் கட்டை, செங்கல் துண்டு, அடுப்புக்கரி, கசக்கிய முருங்கையிலை, தேயிலைச் சக்கை. பொருளாதாரத் தடை வானவில்லுக்கும்தான். நீலத்துக்கு மட்டும் ஒரு வழியும் அகப்படவில்லை. அதனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் வானம் மஞ்சளாக இருந்தது.

பத்தொன்பதில் ஒரு தாள் அவருடைய மகள் அருந்ததியுடையது. ஆறு வயது. அவள் காதை வெள்ளையாக விட்டதில் பிழையில்லை. மயிலிட்டி வீட்டில் அவர்கள் வளர்த்த நாய் பிறவுணிக்கு இடது காது வெள்ளை. மற்றதுகள் அவளைப் பார்த்துக் கீறியிருக்கும். அவ்வளவுதான். அவர் தாள்களை அடுக்கினார்.

அன்று இரவும் அவள் கேட்டாள். ஐந்து மாதமாக, படுக்கப் போகுமுன் கேட்கிற கேள்வி.

"அப்பா, பிறவுணியை அவிட்டு விட்டனீங்கள்தானே?"

"ஓம் ராசாத்தி. அவிட்டு விட்டனான். அது கடற்கரையிலை மீன் திண்டு கொழுத்துப்போய் நிக்கும்."

அந்தப் பொய்யின் மேல்தான் அந்தப் பிள்ளை நித்திரை கொண்டது. உண்மையை அவர் மனைவி குணலட்சுமிக்குக்கூடச் சொல்லவில்லை. ஷெல் விழுந்த அன்று நாய் சைக்கிளுக்குப் பின்னால் ஓடி வந்தது. சனநெரிசலில் மிதிபட்டுச் சாகும் என்று திருப்பிக் கொண்டுபோய், வள்ளத்து நீல நைலோன் கயிற்றால் கிணற்றுத் தூணில் கட்டினார். எல்லோரும் அப்படித்தான் கட்டினார்கள். எல்லோரும் பின்னேரமே திரும்பி வருவதாகத்தான் வெளிக்கிட்டார்கள். "இரு. பின்னேரத்துக்குள்ளை வந்திடுவன்" என்றார். பிறவுணி தலையை ஒரு பக்கம் சரித்துக் கேட்டது. நம்பியது. அவர் இடதுகைக்காரர், அவர் போடும் முடிச்சு மறுவளமாகச் சுற்றும், இழுக்க இழுக்க இறுகும். "மனேச்சரின்ரை முடிச்சை மனேச்சரும் அவிழ்க்கமாட்டார்" என்று மயிலிட்டி வள்ளக்காரர் பகிடி பண்ணுவார்கள். அவரும் சிரிப்பார்.

அதற்குப் பிறகு அந்த ஊருக்கு ஒருவரும் போகவில்லை. ஆமி இருந்தது.

அடுத்த வியாழன் அருந்ததியைச் சளி என்று சொல்லி வீட்டில் நிறுத்தினார். அந்தக் காதுகளை அவள் மறுபடி பார்க்க வேண்டாம். அவள் சிணுங்கவே, ஒரு நாய்த் தாளைக் கையில் கொடுத்துவிட்டு வந்தார். பள்ளியில் பிள்ளைகளை ஆளுக்கொரு மூலையாகச் சுவரைப் பார்க்க இருத்தினார். வெளியே கார்த்திகை மழை ஓட்டில் விழுந்து பீலியில் இறங்கிக்கொண்டிருந்தது. ஈரச் சாக்கின் மணம் விறாந்தை முழுவதும் நின்றது. சாக்கு என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு அது நனைந்த நாயின் மணம் என்று தெரிந்தது. நாய் ஒன்றும் அங்கே இல்லை. பிள்ளைகள் பேசவில்லை. வழக்கமாக மழையையே தோற்கடிக்கிற கூட்டம். பதினெட்டுக் கைகளும் தாளில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரே நேரத்தில் போய், ஒரே நேரத்தில் வந்தது.

தாள்கள் வந்தன.

இடது காது வெள்ளை. அவர் கீறிய கொழுத்த வயிற்றுக்குள் கரியால் விலா எலும்புகள். நாக்கு கறுப்பு. கழுத்திலிருந்து தாளின் ஓரம்வரை ஒரு கயிறு.

நீலக் கயிறு.

கடைசித் தாளைக் கொண்டுவந்த மீனாம்பிகை என்ற சின்னவளை மறித்தார். "ஏன் பிள்ளை கயிறு கீறினனீ?"

"கட்டியெல்லோ கிடக்கு, சேர்."

"ஆர் கட்டினது?"

அவள் அவருடைய இடது கையைப் பார்த்தாள்.

"சரி, நீலம் எங்காலை?"

"பெட்டிக்குள்ளை கிடந்தது."

தகரத்தைக் கவிழ்த்துக் கொட்டினார். மஞ்சள். செங்கல். கரி. இலை. சக்கை. நீலத்தைப் பெருவிரலால் தேய்த்தார். அழியவில்லை. ஈரமாக இருந்தது. விரலை நாக்கில் வைத்தார், ஏன் வைத்தார் என்று அவருக்கே தெரியாது. உப்பு.

அன்றே நாய் ஸ்டென்சிலை அடுப்பில் போட்டார். அருந்ததியின் தாளைத் தேடினார். அவள் பங்கருக்குள் வைத்திருப்பதாகச் சொன்னாள். வளவில் வாழை மரங்களுக்குக் கீழே வெட்டி, பனங்குற்றி அடுக்கி மண் போட்டு மூடிய பதுங்குகுழி அது. குண்டு வீச்சு விமானம் வந்தால் எல்லோரும் ஓடி இறங்குவது.

"ஏன் அங்கை?"

"அது அங்கை இருக்கத்தான் விருப்பமாம்."

பிள்ளைகளின் கதை. அவர் சிரித்து வைத்தார். பங்கருக்குள் இறங்கிப் பார்க்கவில்லை. மழைத்தண்ணி நிற்கும், முழங்கால் நோகும் என்று தனக்கே சாட்டுச் சொன்னார்.

மூன்றாம் வியாழனுக்கு வீடு ஒன்றைக் கீறி அடித்தார். சதுரம், கூரை, ஒரு கதவு. "இண்டைக்கு நாய் இல்லை. எல்லாரும் வீட்டுக்கு நிறம் தீட்டுங்கோ." அருந்ததி அன்றும் சளியோடு வீட்டில். ரீச்சர் ரோனியோ மையைப் பற்றி ஏதோ பகிடி சொன்னாள். அவர் சிரிக்க மறந்துவிட்டார்.

பிள்ளைகள் வீட்டை வெறுமையாக விட்டிருந்தார்கள். பக்கத்தில் இலைச்சாற்றால் வாழைகள், எண்ணினால் ஆறு. வாழைக்குக் கீழே தேயிலை நிறத்தில் ஒரு மண்மேடு. அதில் கரியால் ஒரு வாய். அது அவருடைய வளவு. பதினெட்டுத் தாளிலும் அவருடைய வளவு. தாளின் வடக்கு ஓரத்திலிருந்து நீலக் கோடு ஒன்று சேற்றில் இழுபட்டு வந்து, அந்த வாய்க்குள் இறங்கியது.

அவர் நாயைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"உள்ளுக்கை, சேர்" என்றாள் மீனாம்பிகை.

சைக்கிளை எப்படி எடுத்தார் என்று தெரியாது. மத்தியானம்தான், ஆனால் வானம் அடுப்படிச் சுவர்போல் கறுத்திருந்தது. ஒழுங்கையில் சேறு சில்லில் ஒட்டியது. பாதிவழியில் தெற்கே விமான இரைச்சல் கேட்டது. சனங்கள் "பொம்மர், பொம்மர்" என்று ஓடினார்கள். அவர் எழும்பி நின்று மிதித்தார்.

படலை திறந்து கிடந்தது. குணலட்சுமி மண்ணெண்ணெய் வரிசைக்குப் போயிருந்தாள். அடுப்பு அணைந்திருந்தது. "அருந்ததி."

வளவில் சேறு. சேற்றில் பாதங்கள். நாயின் பாதங்கள். பங்கர் வாசலில் இருந்து வெளியே வந்து, படலை தாண்டிப் போயிருந்தன. நிதானமாக. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல்.

உள்ளே போன அடிகளும் இருந்தன. அவற்றோடு கயிறு இழுபட்ட கோடு. வெளியே வந்த அடிகளோடு கோடு இல்லை.

குனிந்து இறங்கினார். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. ஈர ரோமத்தின் மணம். போத்தல் விளக்கின் சின்ன வெளிச்சம். மூலையில் அவள், மடியில் தாளோடு. தாளில் நாய் இல்லை. சிரிப்பு மட்டும் இருந்தது.

"அப்பா, சத்தம் போடாமல் இருக்கட்டாம்."

கழுத்தில் நீல நைலோன். மறுமுனை பனங்குற்றித் தூணில். முடிச்சு மறுவளமாகச் சுற்றியிருந்தது.

"ஆர்… ஆர் பிள்ளை சொன்னது?"

"பிறவுணி. பின்னேரத்துக்குள்ளை வந்திடுமாம்." குரலில் பயம் இல்லை. "நீங்களும் அதுக்கு உப்பிடித்தான் சொன்னனீங்களாம்."

நகத்தை முடிச்சுக்குள் விட்டார். இழுத்தார். இறுகியது. அவள் இருமினாள். விட்டார். பல்லால் கடித்தார். உப்பு. மேலே இரைச்சல் வட்டம் போட்டுத் தாழ்ந்தது. குற்றிகளுக்கு நடுவால் மண் கொட்டியது. கத்தி குசினியில். இருபது அடி தூரம். ஓடினால் எடுக்கலாம்.

எழும்பினார்.

வாய் தானாகத் திறந்தது.

"இரு. இந்தா வந்திடுவன்."

சொன்ன பிறகுதான் தன் சொல் அவருக்கே கேட்டது.

அருந்ததி தலையை ஒரு பக்கம் சரித்து அவரைப் பார்த்தாள். நம்பினாள். விளக்கு அணைந்தது. இருட்டில் அவளுடைய இடது காது மட்டும், வெள்ளையாக.